நீதிபதி முத்துசாமி ஐயர்

நுழையும்முன்

நம் மொழியையும் நம் ஊர் வழக்கங்களையும் அறிந்த ஒருவர் உயர்நீதிமன்றத்தில் நடுவராக அமர்வது இன்று இயல்பான செய்தி. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் அஃது இயல்பானதாக இல்லை. ஓர் இந்தியரைச் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தியபோது எதிர்ப்பு மூண்டது. அந்த எதிர்ப்புக்கு விடையளிக்க ஒரு செய்தித்தாளே தோன்றிற்று. அந்த நியமனத்தையும் அதற்குரியவராக வளர்ந்த மனிதரையும் பற்றியது இப்பாடம்.

கடலூரிலிருந்து சென்னைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது கடலூர். முதுநகர்த் துறைமுகத்தில் சரக்கேற்றிய வணிகருக்கும், சிதம்பரம் வட்டத்தில் வாய்க்கால் நீரை நம்பிப் பயிரிட்ட உழவருக்கும் வழக்குகள் இருந்தன. கடன், பங்கு பிரித்தல், வரப்புத் தகராறு, கோயில் மானியம் எனப் பல வகையின அவை. சிறிய வழக்குகள் முன்சீப் நீதிமன்றத்தில் தொடங்கும். அங்கே சாட்சிகள் தமிழில் பேசுவர். ஓலையிலும் தாளிலும் எழுதிய தமிழ் ஆவணங்கள் முன்வைக்கப்படும். அதற்கு மேலே மாவட்ட நீதிமன்றம். அதன் நடுவர் பெரும்பாலும் ஆங்கிலேயர். அங்கும் தீராத வழக்கு மேல்முறையீடாகச் சென்னைக்குச் செல்லும்.

சென்னையை அடையும்போது அவ்வழக்கு ஆங்கில உடையணிந்துவிடும். சாட்சியம் மொழிபெயர்க்கப்படும், ஆவணங்கள் மொழிபெயர்க்கப்படும். பங்காளி என்னும் சொல்லை எப்படி மொழிபெயர்ப்பது? அது பங்குதாரரையும் குறிக்கும். தந்தைவழி உறவினரையும் குறிக்கும். பிறப்பால் சொத்துரிமையும் தீட்டுரிமையும் உடையவர் என்னும் பொருளும் அதனுள் அடங்கும். ஒற்றி, காணி, சீதனம், கைமாற்று ஆகியவையும் இத்தகைய சொற்களே. மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தவறவிட்டால் ஒரு குடும்பம் நிலத்தைத் தவறவிடக்கூடும். இந்த இடைவெளியை அக்காலத்திலேயே உணர்ந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. முன்சீப்பாகப் பணியாற்றிய அவர், சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் 1862இல் தமிழில் தந்தார். தீர்ப்பு தமிழுக்கு வந்தது. ஆனால் தீர்ப்பெழுதும் இருக்கைக்குத் தமிழர் எவரும் செல்லவில்லை.

அதே 1862ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் தொடங்கப்பெற்றது. அதுவரை இருந்த உச்சநீதிமன்றமும் சதர் அதாலத்தும் அதனுள் இணைந்தன. கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் சம்புநாத பண்டிதர் 1863இலேயே நீதிபதியானார். சென்னையிலோ பதினைந்து ஆண்டுகள் கடந்தும் நீதிபதிகள் அனைவரும் ஆங்கிலேயராகவே இருந்தனர்.

ஒரு ரூபாய்க் கணக்கர்

முத்துசாமி ஐயர் 1832ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் தஞ்சை மாவட்டத்து உச்சுவாடி என்னும் சிற்றூரில் வறிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பிழைப்பைத் தேடித் திருவாரூருக்கு வந்த குடும்பத்திற்கு மகனின் உழைப்பும் தேவைப்பட்டது. ஊர்க் கணக்கரிடம் உதவியாளராகச் சேர்ந்த சிறுவருக்கு மாத ஊதியம் ஒரு ரூபாய். அவ்வேலையில் இருந்தபோதே தாயும் மறைந்தார். மகன் கற்று உயர வேண்டும் என்று விரும்பிய ஒரே உள்ளம் அத்தாயினுடையது.

திருவாரூர் நீதிக் கதை ஒன்றின் ஊர். கன்றிழந்த பசுவின் துயரைத் தன் மகனைத் தேர்க்காலில் இட்டுத் தீர்த்த மனுநீதிச் சோழனின் வரலாற்றைச் சேக்கிழார் இவ்வூரைப் பாடும் இடத்தில்தான் அமைத்துள்ளார். அதைக் காட்டும் கல்தேரும் அங்கே உண்டு. ஆனால் சிறுவர் முத்துசாமி அவ்வூரில் நாள்தோறும் கற்றது வேறொரு பாடம். எந்த நிலம் யாருடையது, எவ்வளவு விளைந்தது, எவ்வளவு வரி, எவ்வளவு பாக்கி என்னும் கணக்குகளே அவருக்கு நூல்களாயின. அடங்கலும் சிட்டாவும் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு கிராமத்தின் உள்வாழ்க்கை முழுவதும் புலப்படும். பிற்காலத்தில் சட்ட நூல்களை ஆழ்ந்து கற்ற நீதிபதிகள் பலர் வந்தனர். நிலவரிக் கணக்கின் வரிகளுக்கு இடையே படிக்கத் தெரிந்து அந்த இருக்கையில் அமர்ந்தவர் மிகச் சிலரே.

திருவாரூர்த் தாசில்தாராக இருந்தவர் முத்துசாமி நாயக்கர். ஒருமுறை ஆற்றின் கரை உடைப்பெடுத்ததாகச் செய்தி வந்தது. சேதத்தை உடனே அறிய வேண்டிய நிலை. அலுவலர் எவரும் அப்போது அங்கில்லை. அருகிலிருந்த கணக்குச் சிறுவரை நாயக்கர் அனுப்பினார். சிறுவர் சென்று பார்த்து, உடைப்பின் அளவையும் அதை அடைக்கத் தேவையானவற்றையும் திருத்தமாக வந்துரைத்தார். சிறுவர் சொல்லை அப்படியே ஏற்கத் தயங்கிய நாயக்கர் தம் பணியாளர் மூலம் சரிபார்த்தார். இரண்டு அறிக்கைகளும் ஒத்திருந்தன. இந்நிகழ்ச்சியை முத்துசாமி ஐயரின் வாழ்க்கையை எழுதியோர் தவறாது குறிப்பிடுவர்.

நாயக்கர் சிறுவரைப் பாராட்டியதோடு நிற்கவில்லை. நாகப்பட்டினத்தில் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார். பின்னர் மேற்படிப்புக்காகச் சென்னைக்கும் அனுப்பிவைத்தார். சாதியாலும் குடும்பத்தாலும் தமக்கு எவ்வகையிலும் உறவில்லாத ஒரு சிறுவரின் கல்விக்கு அவர் பொறுப்பேற்றார். அவர் அன்று அந்த முடிவை எடுக்காதிருந்தால் இவ்வரலாறு திருவாரூர்க் கணக்கர் ஒருவரின் வரலாறாகவே முடிந்திருக்கும். அதை எவரும் எழுதியிருக்கவும் மாட்டார்.

சென்னைப் படிப்பு

சென்னையில் பவல் என்னும் கல்வியாளர் தலைமையில் நடந்த உயர்நிலைப் பள்ளியில் முத்துசாமி பயின்றார். அப்பள்ளியே பிற்காலத்தில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. 1854ஆம் ஆண்டு கல்விக் குழு நடத்திய ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் அவர் முதலிடம் பெற்றார். பரிசு ஐந்நூறு ரூபாய். மாதம் ஒரு ரூபாய்க்குக் கணக்கெழுதியவரின் நாற்பது ஆண்டு ஊதியத்தைவிட அது மிகுதி.

முத்துசாமி ஐயர் என்றதும் தெருவிளக்கின் கீழ் அமர்ந்து படித்தவர் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. வறுமையில் படித்து உயர்ந்தோர் பலரைப் பற்றியும் இக்கதை வழங்குகிறது. அவர் படிப்புக்குத் தெருவிளக்கு துணை செய்திருக்கலாம். ஆயினும் அவ்விளக்கை மட்டும் நினைவில் வைத்து, திருவாரூர்த் தாசில்தாரையும் பவலையும் மறந்துவிடுவது பொருந்தாது. விளக்கின் கதை தனியொருவரின் முயற்சியை மட்டும் காட்டுகிறது. திறமையைக் கண்டறிந்து அதற்கு வழிவிட்ட மனிதர்கள் அக்கதையில் இடம்பெறுவதில்லை.

படிகள்

படிப்பு முடிந்தபின் அவர் ஆசிரியராகவும், தஞ்சை ஆட்சியர் அலுவலகத்தில் ஆவணக் காப்பாளராகவும், பள்ளித் துணை ஆய்வாளராகவும் சில காலம் பணியாற்றினார். அந்நாளில் அரசு நடத்திய சட்டத் தேர்வில் வென்று தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். 1859இல் தஞ்சையில் துணை ஆட்சியர். 1865இல் தென்கன்னட மாவட்டத்தில் சார்பு நீதிபதி. 1868இல் சென்னை நகரக் காவல் நடுவர். பின்னர்ச் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதி. தமிழும் துளுவும் கன்னடமும் வழங்கும் ஊர்களில் வருவாய்த் துறையையும் நீதித் துறையையும் ஒருங்கே அறிந்தவராக அவர் வளர்ந்தார்.

காவல் நடுவராக இருந்தபோது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு வழக்கு அவர்தம் இயல்பைக் காட்டும். உயர்நீதிமன்ற நீதிபதியான ஆங்கிலேயர் ஒருவர், தம் வளாகத்தில் அத்துமீறி நுழைந்த இந்தியர் ஒருவரை அடித்துவிட்டார். அடிபட்டவர் முறையிட்டார். உயர்நீதிமன்ற நீதிபதியை ஒரு காவல் நடுவர் நீதிமன்றத்துக்கு வரவழைப்பது முறையன்று என்று மேலிருந்தோர் கருதினர். முத்துசாமி ஐயர் அழைப்பாணை விடுத்தார். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. தண்டம் மூன்று ரூபாய். தொகை சிறிது, ஆனால் அந்தத் தண்டத்தை விதித்தவரும் செலுத்தியவரும் யார் யார் என்பதே நகரின் பேச்சாயிற்று.

அதே காலத்தில் அவர் செய்த மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. காவல் நடுவராக இருந்துகொண்டே அவர் சட்டப் பட்டத்துக்குப் படித்தார். முன்சீப்பாகவும் சார்பு நீதிபதியாகவும் பல ஆண்டுகள் தீர்ப்பு வழங்கியவர், தம்மைவிட மிக இளையவர்களோடு சேர்ந்து பி.எல். தேர்வு எழுதித் தேறினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தைக் கடந்திருந்தது. நெடுங்கால அனுபவம் இருந்தும் பட்டம் இல்லை என்று எவரும் குறைசொல்ல இடம்கொடுக்கலாகாது என எண்ணினார் போலும்.

சட்டத்தில் இருந்த ஒரு வழி

அவர் நியமனம் எப்படி இயன்றது என்பதை அறிய 1861ஆம் ஆண்டின் இந்திய உயர்நீதிமன்றங்கள் சட்டத்தைப் பார்க்க வேண்டும். உயர்நீதிமன்ற நீதிபதியாகத் தகுதியுடையோர் நால்வகையினர் என்று அச்சட்டம் வகுத்தது. ஐந்து ஆண்டுக்குக் குறையாத பாரிஸ்டர்கள் ஒரு வகை. பத்து ஆண்டு பணியாற்றி மாவட்ட நீதிபதியாகவும் இருந்த குடிமைப் பணியாளர்கள் மற்றொரு வகை. தலைமை நீதிபதி உட்பட மூன்றில் ஒரு பங்கினர் பாரிஸ்டர்களாகவும், மூன்றில் ஒரு பங்கினர் குடிமைப் பணியாளர்களாகவும் இருத்தல் கட்டாயம்.

இவ்விரு வழிகளும் பெயரளவில் எவருக்கும் அடைக்கப்படவில்லை. பாரிஸ்டர் ஆவதற்கு இலண்டன் செல்ல வேண்டும். குடிமைப் பணித் தேர்வும் இலண்டனிலேயே நடந்தது. கடல் கடந்து செல்லப் பொருள் வேண்டும். சென்று மீண்டவரை விலக்கிவைத்த சமூகத்தை எதிர்கொள்ளும் துணிவும் வேண்டும். உச்சுவாடியில் பிறந்த ஏழை மாணவருக்கு இவ்விரு வழிகளும் எட்டாதவை.

எஞ்சியவை இரண்டு. உயர்நீதிமன்றத்தில் பத்து ஆண்டு வாதாடிய வழக்கறிஞர் நீதிபதியாகலாம். சார்பு நீதிமன்றத்திலோ சிறுவழக்கு நீதிமன்றத்திலோ ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் நடுவராக இருந்தவரும் ஆகலாம். இந்தக் கடைசி வழி இந்தியரை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டதாகத் தோன்றுகிறது. முத்துசாமி ஐயர் ஏறிவந்த படிகள் யாவும் அவ்வழியில் அமைந்தவை. சட்டம் இடமளித்தது. ஆனால் இடமளிப்பது வேறு, இருக்கையளிப்பது வேறு. இருக்கை அளிக்க ஆட்சியாளர் முன்வர வேண்டும்.

எதிர்ப்பும் எண்பது படிகளும்

1877ஆம் ஆண்டு தில்லியில் நடந்த பேரரசி விழாவுக்கு முத்துசாமி ஐயர் அழைக்கப்பெற்றார். அடுத்த ஆண்டு சி.ஐ.இ. என்னும் சிறப்புப் பட்டம் பெற்றார். உயர்நீதிமன்ற நீதிபதி நியமனம் குறித்த பேச்சு சென்னையில் எழுந்ததும் இக்காலத்தில்தான்.

சென்னையில் ஆங்கிலேயர் நடத்திய நாளிதழ்கள் இந்நியமனத்தை எதிர்த்தன. முன்னின்றது மெட்ராஸ் மெயில். உயர்நீதிமன்ற நடுவர் பதவி இந்தியர் ஒருவருக்குத் தகாது என்பது எதிர்ப்பின் சாரம். இந்திய அலுவலர்களுக்கு ஐரோப்பியருக்கு நிகரான ஊதியம் தரலாகாது என்ற வாதமும் எழுந்தது. முத்துசாமி ஐயரின் தீர்ப்புகளில் பிழை காட்டி எதிர்த்திருந்தால் அதற்கு அவரே விடையிறுத்திருப்பார். எதிர்ப்பு அவர் செய்த செயல்மீது அன்று, அவர் பிறந்த நாட்டின்மீது தொடுக்கப்பட்டது. அதற்கு அவர் விடையிறுக்க இயலாது. நீதித்துறையில் பணியாற்றுபவர் தமக்காகத் தாமே பொதுவெளியில் பேசுவது முறையும் அன்று.

அவருக்காகப் பேச வேண்டியவர்கள் இந்திய மக்கள். அவர்களிடம் நாளிதழ் இல்லை. ஆங்கிலேய அதிகாரிகள் படிக்கும் மொழியில், இந்தியர் தம் கருத்தை எடுத்துரைக்கும் வலிமையான இதழ் ஒன்று அன்று சென்னையில் இருக்கவில்லை. அதே 1878ஆம் ஆண்டு மார்ச்சில் வைசிராய் லிட்டன் இந்திய மொழி இதழ்களை அடக்கும் சட்டத்தையும் கொண்டுவந்திருந்தார் என்பதை இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் ஒன்றுகூடினர். ஜி. சுப்பிரமணிய ஐயர், மு. வீரராகவாச்சாரியார் ஆகிய இருவரும் ஆசிரியர்கள். டி.டி. ரங்காச்சாரியார், பி.வி. ரங்காச்சாரியார், கேசவராவ் பந்துலு, சுப்பாராவ் பந்துலு ஆகிய நால்வரும் சட்ட மாணவர்கள். கையில் பணமில்லை. ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கினர். தங்கசாலைத் தெருவில் இருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில் எண்பது படிகள் அச்சிட்டனர். 1878ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் தி இந்து வார இதழாக வெளிவந்தது. முத்துசாமி ஐயர் நியமனத்துக்கு எதிரான கூற்றுகளை மறுப்பதும், இந்தியர் தரப்பை எடுத்துரைப்பதும் அதன் பிறப்புக்குக் காரணங்கள். பின்னாளில் அது வாரம் மும்முறையாகி, 1889இல் நாளிதழாயிற்று. சுப்பிரமணிய ஐயர் 1882இல் சுதேசமித்திரனைத் தொடங்கினார். பாரதியார் 1904இல் பணிக்குச் சேர்ந்தது அந்த இதழில்தான். ஒரு நீதிபதி நியமனத்தைப் பற்றிய சண்டையின் கிளை, தமிழ் உரைநடையின் வரலாறுவரை நீள்வதை இங்கே காண்கிறோம்.

எதிர்ப்பு வென்றிலது. முத்துசாமி ஐயர் நீதிபதியானார். சென்னை உயர்நீதிமன்றத்தில் அவ்விருக்கையில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. ஐந்தாண்டுகள் கழித்து, ஐரோப்பியர்மீதான குற்ற வழக்குகளை மாவட்டங்களில் இந்திய நடுவர்களும் விசாரிக்க வழிசெய்யும் இல்பர்ட் மசோதா வந்தபோது, சென்னையில் எழுந்த அதே குரல் இந்தியா முழுவதும் பல மடங்கு ஓங்கி ஒலித்தது. சென்னையில் நடந்தது அப்பெரும் பூசலின் முன்னோட்டம் எனலாம்.

முத்துசாமி ஐயர் விடுதலைப் போராட்ட வீரர் அல்லர். ஆங்கில அரசின்கீழ் பணியாற்றியவர். அவ்வரசு தந்த பட்டங்களை ஏற்றவர். அவரை வேறொருவராகக் காட்ட வேண்டியதில்லை. அவரைச் சுற்றி எழுந்த கேள்விதான் அரசியல் கேள்வியாயிற்று.

சிதம்பரம் வழக்கு

ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் அவர் அந்த இருக்கையில் இருந்தார். உயர்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் இந்தியச் சட்ட அறிக்கைகள் வரிசை 1876இல்தான் தொடங்கியிருந்தது. ஆகவே அவர் எழுதிய தீர்ப்புகள் அச்சேறி, பின்வந்த நீதிமன்றங்களுக்கு முன்மாதிரிகளாயின. தத்தெடுத்தல், பாகப்பிரிவினை, விதவையின் சொத்துரிமை, கோயில் நிருவாகம் ஆகியவற்றில் வடமொழித் தரும நூல்களின் விதி ஒன்றாகவும் ஊர் வழக்கம் மற்றொன்றாகவும் இருக்கும். நீதிமன்றங்களில் நூற்பொருள் கூறுவதற்கென இருந்த பண்டிதர் பதவிகள் 1864இலேயே நீக்கப்பட்டிருந்தன. எஞ்சிய ஆங்கிலேய நடுவர்களுக்குத் துணை மொழிபெயர்ப்புகளே. அத்துணையை நாட வேண்டாத ஒருவர் ஆயத்தில் அமர்ந்தது வழக்காடியோருக்குப் பெரும்பேறு.

அவர் முன்வந்த வழக்குகளுள் நம் பகுதிக்கு மிக நெருக்கமானது சிதம்பரம் நடராசர் கோயில் வழக்கு. கோயிலில் வழிவழியாகப் பூசனை செய்து நிருவாகமும் நடத்திவரும் பொதுதீட்சிதர்களுக்குள் 1880களில் பூசல் எழுந்து நீதிமன்றம் சென்றது. 1888இல் மேல்முறையீடுகள் உயர்நீதிமன்றத்தில் பதிவாயின. முத்துசாமி ஐயரும் நீதிபதி ஷெப்பர்டும் கொண்ட ஆயம் விசாரித்து 1890இல் தீர்ப்பு வழங்கியது.

வழக்கில் ஓர் அடிப்படைக் கேள்வி இருந்தது. இக்கோயில் யாருடையது? நெடுங்காலமாக ஒரு குழுவினரே வழிபாட்டையும் பொறுப்பையும் கவனித்து வந்தால், அது அவர்களின் சொந்த உடைமை ஆகிவிடுமா? கோயில் அவர்களின் தனியுடைமை என்பதற்குச் சான்றில்லை என்றும், அது பொதுமக்கள் வழிபடும் இடம் என்றும் நீதிபதிகள் முடிவு செய்தனர். பொறுப்பில் இருத்தல் என்பதையும் உடைமையாகக் கொள்ளுதல் என்பதையும் அத்தீர்ப்பு வேறுபடுத்திப் பார்த்தது.

அக்கோயிலைப் பற்றிப் பின்னர் எழுந்த வழக்குகளிலெல்லாம் இத்தீர்ப்பு பேசப்பட்டது. கோயிலை நிருவகிக்கும் உரிமை யாருக்கு என்பது தனியொரு கேள்வி. அக்கேள்வியில் தனித்த சமயப் பிரிவினர் என்னும் நிலையில் தீட்சிதர்களின் உரிமையை 1951இல் சென்னை உயர்நீதிமன்றமும், 2014இல் உச்சநீதிமன்றமும் ஏற்றன. உடைமை பற்றி 1890இல் சொல்லப்பட்டதும், நிருவாகம் பற்றிப் பின்னர்ச் சொல்லப்பட்டதும் ஒன்றையொன்று அழிப்பவை அல்ல. சட்டம் பயில விரும்பும் மாணவர் இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஊர்ப் பேச்சில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுவதை நாம் அடிக்கடி காண்கிறோம்.

இங்கே நோக்கத்தக்க மற்றொன்றும் உண்டு. பிறப்பால் பிராமணராகவும் சைவ வைதிக மரபில் வளர்ந்தவராகவும் இருந்தவர் முத்துசாமி ஐயர். இந்தியர் ஒருவர் நடுவரானால் தம் இனத்தார்பால் சாய்வார் என்பது 1878இல் அவரை எதிர்த்தோர் உள்ளத்தில் இருந்த ஐயங்களுள் ஒன்றாதல் கூடும். சிதம்பரம் வழக்கில் அவர் சான்றையே பார்த்தார்.

மலபார்ப் பகுதியில் மருமக்கள்தாய முறையைப் பின்பற்றிய குடும்பங்களின் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளிப்பது குறித்து ஆராய 1891இல் அரசு குழு ஒன்றை அமைத்தது. அதற்குத் தலைவராகவும் முத்துசாமி ஐயரே அமர்த்தப்பட்டார். அக்குழுவின் பணியைத் தொடர்ந்து 1896இல் மலபார்த் திருமணச் சட்டம் வந்தது.

இறுதி ஆண்டுகள்

1892இல் உயர்நீதிமன்றம் கடற்கரையை ஒட்டிய பழைய கட்டடத்திலிருந்து செந்நிறக் கோபுரங்களையுடைய இன்றைய கட்டடத்துக்கு மாறியது. அடுத்த ஆண்டு முத்துசாமி ஐயர் ஏறத்தாழ மூன்று திங்கள் பொறுப்புத் தலைமை நீதிபதியாக இருந்தார். தகுதியுடைமை பற்றி வாதம் நடந்த அதே நீதிமன்றத்தின் தலைமை இருக்கையில் அவர் அமர்ந்தபோது 1878ஆம் ஆண்டின் எதிர்ப்பைப் பலரும் மறந்திருக்கக்கூடும். அதே 1893இல் கே.சி.ஐ.இ. பட்டமும் பெற்று சர் முத்துசாமி ஐயர் ஆனார்.

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பதவியில் இருக்கும்போதே 1895ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், தம் அறுபத்து மூன்றாம் பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பாக, காலமானார்.

அவ்வாண்டே மதுரை எஸ். சுப்பிரமணிய ஐயர் நீதிபதியாக அமர்த்தப்பட்டார். பின்னர் பாஷ்யம் ஐயங்கார் வந்தார். சங்கரன் நாயர் வந்தார். இவர்கள் முன்சீப் நிலையிலிருந்து படிப்படியாக ஏறிவந்தவர்கள் அல்லர். உயர்நீதிமன்றத்தில் வாதாடிப் புகழ்பெற்ற வழக்கறிஞர்கள். 1861ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன நான்காம் வழியும் அவ்வாறு திறந்தது. 1937இல் தில்லியில் கூட்டாட்சி நீதிமன்றம் தொடங்கியபின் சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து 1939இல் சர் சீனிவாச வரதாச்சாரியாரும், 1947இல் பதஞ்சலி சாஸ்திரியாரும் அங்கே சென்றனர். சாஸ்திரியார் 1951இல் இந்தியத் தலைமை நீதிபதியானார். 1948இல் பி.வி. இராசமன்னார் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதிப் பதவியை நிலையாக ஏற்ற முதல் இந்தியரானார்.

முத்துசாமி ஐயரின் வெண்பளிங்குச் சிலை உயர்நீதிமன்ற வளாகத்தினுள் நிறுவப்பட்டுள்ளது. கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் திருவாரூரிலிருந்தும் மேல்முறையீட்டுக் கட்டுகளுடன் வருவோர் இன்றும் அவ்வளாகத்தின் வழியே தத்தம் நீதிமன்ற அறைகளைத் தேடிச் செல்கின்றனர்.